ப்ரீஹேண்டிலில் கிடைத்த மதிப்பைக் கன்ட்ரோலர் வரை கொண்டுபோவது எப்படி

ஜாவாவின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் எம்விசியில் ஒரு இன்டர்செப்டர் (கன்ட்ரோலருக்கு முன்னும் பின்னும் ஓடும் இடைமறிப்பு கிளாஸ்) எழுதி, ரிக்வெஸ்ட்டோடு வரும் அடையாள டோக்கனைப் பிரித்து, வந்திருப்பவர் யார், எந்த வாடிக்கையாளர் நிறுவனத்தைச் (டெனன்ட்) சேர்ந்தவர் என்று கண்டுபிடிப்பது வரைக்கும் சிக்கல் இல்லை. கண்டுபிடித்த விவரம், கன்ட்ரோலருக்கு முன் ஓடும் ப்ரீஹேண்டில் மெத்தடுக்குள் ஒரு லோக்கல் வேரியபிளாக இருக்கிறது. கன்ட்ரோலருக்கு அது வேண்டும், சர்வீஸுக்கு வேண்டும், லாக் வரி ஒவ்வொன்றிலும் வேண்டும். ப்ரீஹேண்டில் திருப்பித் தருவதோ ட்ரூ அல்லது ஃபால்ஸ், அவ்வளவுதான்.

அனுப்ப ஐந்தாறு வழிகள் உண்டு. எதை எடுப்பது என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும்: வேலை முடிந்தபின் அந்த மதிப்பை யார் துடைப்பது? ரிக்வெஸ்ட் அட்ரிபியூட்டில் வைத்தால் டாம்காட் போன்ற சர்வ்லெட் கன்டெய்னர் துடைத்துவிடும். த்ரெட்லோக்கலில் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியான சேமிப்பிடம்) வைத்தால் நாம்தான் துடைக்க வேண்டும். இன்டர்செப்டர் கிளாஸின் ஃபீல்டில் வைத்தால் யாருமே துடைக்க மாட்டார்கள்.

அந்தக் கடைசி வகையை முதலில் முடித்துவிடலாம். இன்டர்செப்டர் என்பது அப்ளிகேஷன் முழுவதற்கும் ஒரே ஆப்ஜெக்ட். எல்லா த்ரெட்டும் அதற்குள்தான் வந்து போகின்றன. 17 என்ற ஐடி கொண்ட நிறுவனத்தின் ரிக்வெஸ்ட் வந்து ஃபீல்டில் 17 என்று எழுதுகிறது. மூன்று மில்லிசெகண்ட் கழித்து இன்னொரு த்ரெட் அதே ஃபீல்டில் 42 என்று எழுதுகிறது. முதல் ரிக்வெஸ்ட்டின் கன்ட்ரோலர் ஃபீல்டைப் படிக்கும்போது அங்கே இருப்பது 42. ஒரு நிறுவனத்தின் ஊழியருக்கு இன்னொரு நிறுவனத்தின் ஆர்டர் பட்டியல் போய்விட்டது. எக்ஸெப்ஷன் எதுவும் வராது, லாகிலும் தடயம் இருக்காது. டெவலப்பர் தன் லேப்டாப்பில் ஒற்றை ஆளாக டெஸ்ட் செய்யும்போது இது ஒருநாளும் பிடிபடாது. ஃபீல்டுக்கு வாலட்டைல் போட்டாலும் சிங்க்ரனைஸ்டு போட்டாலும் பிரச்சினை அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் தவறு இரண்டு பேருக்கு ஒரே இடம் ஒதுக்கியதில் இருக்கிறது.

ரிக்வெஸ்ட் அட்ரிபியூட்

பெரும்பாலான தேவைகளுக்கு இதுவே போதும். ப்ரீஹேண்டிலுக்குள் ரிக்வெஸ்ட்டின் செட்அட்ரிபியூட் மெத்தடை அழைத்து, ஒரு பெயரின் கீழ் ஆப்ஜெக்ட்டை வைக்க வேண்டும். அந்த ரிக்வெஸ்ட் உயிரோடு இருக்கும்வரை அது இருக்கும், மற்ற ரிக்வெஸ்ட்டுகளின் கண்ணில் படாது.

பெயர் வைப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். வெறும் "யூசர்" என்று வைத்தால், வேறு யாராவது எழுதிய ஃபில்டரோ (ஸ்பிரிங் எம்விசிக்கு வெளியே நின்று ரிக்வெஸ்ட்டைச் சுற்றி ஓடுவது) லைப்ரரியோ அதே பெயரில் வைத்து மேலெழுதும் வாய்ப்பு உண்டு. கிளாஸின் முழுப் பெயரை முன்னொட்டாகச் சேர்த்து ஒரு கான்ஸ்டன்ட்டாக வைப்பதுதான் ஸ்பிரிங்கே கடைப்பிடிக்கும் வழக்கம். டெனன்ட் ஐடிக்கு ஒரு பெயர், யூசர் ஐடிக்கு ஒன்று, ரிக்வெஸ்ட் ஐடிக்கு ஒன்று என்று தனித்தனியாக வைப்பதும் வேண்டாம். மூன்றையும் உள்ளடக்கிய ஒரு ஜாவா ரெக்கார்டை உருவாக்கி, அதை ஒரே பெயரில் வையுங்கள். ரெக்கார்டின் உள்ளடக்கத்தை யாரும் பாதி வழியில் மாற்ற முடியாது. இந்தக் கட்டுரையில் அதை டெனன்ட்இன்ஃபோ என்று அழைக்கிறேன்.

ஸ்பிரிங் தன் பங்குக்கு வைத்துவிட்டுப் போகும் அட்ரிபியூட்டுகளும் உண்டு. ப்ரீஹேண்டில் ஓடும் நேரத்தில் எந்தக் கன்ட்ரோலர் மெத்தட் என்று முடிவாகிவிட்டிருக்கும். ஆகவே யூஆர்எல்லில் உள்ள பாத் வேரியபிள்கள் ஒரு மேப்பாக ஏற்கெனவே ரிக்வெஸ்ட்டில் தயாராக இருக்கும். ஹேண்ட்லர்மேப்பிங் இன்டர்ஃபேஸில் அதற்கான கான்ஸ்டன்ட் இருக்கிறது. யூஆர்எல்லை சாய்கோடு சாய்கோடாக வெட்டிப் பார்க்கும் கோட் வரிகளைக் கண்டால் தயங்காமல் அழித்துவிடலாம்.

கன்ட்ரோலர் பக்கத்தில் படிக்க எளிய வழி, ஸ்பிரிங் 4.3-இல் வந்த @ரிக்வெஸ்ட்அட்ரிபியூட் என்ற அனோட்டேஷன். மெத்தட் பாராமீட்டருக்கு முன்னால் போட்டால் மதிப்பு வந்து சேரும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அட்ரிபியூட் இல்லையென்றால், அதாவது நம் இன்டர்செப்டர் அந்தப் பாதைக்கு ஓடவே இல்லையென்றால், ஸ்பிரிங் 400 என்று பதில் அனுப்பும். தவறு நம் கான்ஃபிகரேஷனில், பழி கிளையன்ட் மேல். ஃப்ரன்ட்எண்ட் குழு அரை நாள் தன் ஜேஸானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் ஆர்குமென்ட் ரிசால்வர் எழுதிவிடுவதே நல்லது. ஹேண்ட்லர்மெத்தட்ஆர்குமென்ட்ரிசால்வர் என்ற இன்டர்ஃபேஸில் இரண்டே மெத்தடுகள். சப்போர்ட்ஸ்பாராமீட்டரில், பாராமீட்டரின் டைப் டெனன்ட்இன்ஃபோவா என்று பார்த்து ட்ரூ சொல்ல வேண்டும். ரிசால்வ்ஆர்குமென்ட்டில், ரிக்வெஸ்ட்டிலிருந்து அந்த அட்ரிபியூட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். காணவில்லை என்றால் இல்லீகல்ஸ்டேட் எக்ஸெப்ஷன் வீசிவிடுங்கள். அது 500 ஆகப் போய் நம் லாகில் விழும், விழ வேண்டிய இடமும் அதுதான். பிறகு வெப்எம்விசிகான்ஃபிகரரின் ஆட்ஆர்குமென்ட்ரிசால்வர்ஸ் மெத்தடில் சேர்த்துவிட்டால் எந்தக் கன்ட்ரோலர் மெத்தடிலும் டெனன்ட்இன்ஃபோ என்று ஒரு பாராமீட்டர் எழுதினாலே மதிப்பு வந்துவிடும். அட்ரிபியூட்டின் பெயர் என்ன, அது எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் கன்ட்ரோலருக்குத் தெரிய வேண்டியதில்லை.

நாம் சேர்க்கும் ரிசால்வர்கள் ஸ்பிரிங்கின் சொந்த ரிசால்வர்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும். அதனால் மேப் டைப்புக்கோ பிரின்சிபல் டைப்புக்கோ ரிசால்வர் எழுதினால் அது அழைக்கப்படாமலே போகலாம். சொந்த டைப் வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எது எப்போது ஓடுகிறது

இன்டர்செப்டர் வழியாக மதிப்பு அனுப்புவதில் வரும் கோளாறுகளில் பாதி, அதன் மூன்று மெத்தடுகளும் (கன்ட்ரோலருக்கு முன் ப்ரீஹேண்டில், பின் போஸ்ட்ஹேண்டில், எல்லாம் முடிந்தபின் ஆஃப்டர்கம்ப்ளீஷன்) ஓடும் ஒழுங்கைச் சரியாக அறியாததால் வருபவை.

அ, ஆ, இ என்று மூன்று இன்டர்செப்டர்கள் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ப்ரீஹேண்டில் அ, ஆ, இ என்று ஓடும். போஸ்ட்ஹேண்டிலும் ஆஃப்டர்கம்ப்ளீஷனும் இ, ஆ, அ என்று தலைகீழாக ஓடும். ஆ-வுக்கு அ வைத்த மதிப்பு வேண்டுமென்றால் பதிவு வரிசையில் அ முன்னால் இருக்க வேண்டும். அதைக் கோட் வரிகளின் ஒழுங்கை நம்பி விடாமல், ஆர்டர் மெத்தடில் எண் கொடுத்து எழுதிவைப்பது நல்லது.

ஆ-வின் ப்ரீஹேண்டில் ஃபால்ஸ் தந்தால் இ ஓடாது, கன்ட்ரோலர் ஓடாது, போஸ்ட்ஹேண்டில் யாருக்கும் ஓடாது. ஆஃப்டர்கம்ப்ளீஷன் அ-வுக்கு மட்டும் ஓடும். ஆ-வுக்கு ஓடாது. இதைத் திரும்ப ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். ஆஃப்டர்கம்ப்ளீஷன் கிடைப்பது ட்ரூ தந்து முடித்தவர்களுக்கு மட்டுமே. ஆ பாதியில் எக்ஸெப்ஷன் வீசினாலும் இதே கணக்குதான். ப்ரீஹேண்டிலின் முதல் வரியில் எதையாவது திறந்து வைத்துவிட்டு, ஆஃப்டர்கம்ப்ளீஷனில் மூடிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தால், இடையில் டோக்கன் தவறாகி ஃபால்ஸ் ஆன ரிக்வெஸ்ட்டுக்கு அது மூடப்படாமலே போகும்.

ஃபால்ஸ் தரும்போது பதிலை எழுதவேண்டிய பொறுப்பும் நம்முடையது. எதையும் எழுதாமல் ஃபால்ஸ் மட்டும் தந்தால், கிளையன்ட்டுக்கு 200 என்ற நிலையோடு வெற்றுப் பதில் போகும். ஃபால்ஸைவிட எக்ஸெப்ஷன் வீசுவது எனக்குப் பிடித்த வழி. ப்ரீஹேண்டிலில் வீசும் எக்ஸெப்ஷனும் எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் பொதுவான கன்ட்ரோலர்அட்வைஸில் உள்ள எக்ஸெப்ஷன் ஹேண்ட்லருக்குத்தான் போகும், ஆகவே பிழைக்கான ஜேஸானை இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருக்காது.

போஸ்ட்ஹேண்டிலை ரெஸ்ட் ஏபிஐகளில் மறந்துவிடலாம். @ரெஸ்பான்ஸ்பாடி மெத்தட் திருப்பித் தந்த ஆப்ஜெக்ட் ஜேஸானாக மாறி ரெஸ்பான்ஸில் எழுதப்பட்ட பிறகுதான் போஸ்ட்ஹேண்டில் அழைக்கப்படுகிறது. அங்கே ஹெடர் சேர்த்தால் அது சத்தமில்லாமல் தொலைந்துபோகும். மாடல்அண்ட்வியூவும் நல் (null, வெற்று மதிப்பு) ஆக வரும். ரிக்வெஸ்ட் ஐடியை ரெஸ்பான்ஸ் ஹெடரில் அனுப்ப வேண்டுமானால் ப்ரீஹேண்டிலிலேயே எழுதிவிடுங்கள். கன்ட்ரோலர் தந்த விடையைப் பொறுத்துத்தான் ஹெடர் என்றால் ரெஸ்பான்ஸ்பாடிஅட்வைஸ் இருக்கிறது.

ஆஃப்டர்கம்ப்ளீஷனுக்கு நான்காவது பாராமீட்டராக எக்ஸெப்ஷன் வருகிறது. அதை நம்பி "பிழை வந்ததா" என்று லாக் எழுதுபவர்களுக்கு ஏமாற்றம்தான். எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர் அந்தப் பிழையைக் கையாண்டுவிட்டால் இங்கே நல் தான் வரும். இதற்கும் அட்ரிபியூட்டே உதவும். எக்ஸெப்ஷன் ஹேண்ட்லரில் பிழையை ஒரு அட்ரிபியூட்டில் வைத்து, ஆஃப்டர்கம்ப்ளீஷனில் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ப்ரீஹேண்டிலின் மூன்றாவது பாராமீட்டரான ஹேண்ட்லர் எப்போதும் ஹேண்ட்லர்மெத்தட் என்று எண்ணிக் காஸ்ட் செய்யக் கூடாது. ஸ்டேட்டிக் ஃபைல்களுக்கு அது ரிசோர்ஸ்எச்டிடிபிரிக்வெஸ்ட்ஹேண்ட்லர். வேறு தளத்தை அழைக்கும் முன் ப்ரவுசர் அனுமதி கேட்கும் சிஓஆர்எஸ் ப்ரீஃப்ளைட்டாக வரும் ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட்டுக்கு வேறொன்று. ப்ரீஃப்ளைட்டில் ஆதரைசேஷன் ஹெடர் இருக்கவே இருக்காது என்பதால், டோக்கன் இல்லையென்று 401 அனுப்பும் இன்டர்செப்டர் ப்ரவுசரிலிருந்து வரும் அழைப்புகளை அடைத்துவிடும். ப்ரவுசர் இல்லாமல் ஏபிஐயை அழைக்கும் போஸ்ட்மேனில் எல்லாம் சரியாக ஓடும். ஹேண்ட்லர்மெத்தட் இல்லையென்றால் உடனே ட்ரூ தந்து விலகும் ஒரு வரியை முதலிலேயே எழுதிவிட்டால் இரண்டு சிக்கலும் தீரும்.

இரண்டு தடவை ஓடும் ப்ரீஹேண்டில்

கன்ட்ரோலர் ஒரு காலபிளையோ டிஃபர்ட்ரிசல்ட்டையோ திருப்பித் தந்தால், ரிக்வெஸ்ட் அசிங்க் ஆகிவிடும், அதாவது விடைக்குக் காத்திராமல் த்ரெட் விடுவிக்கப்படும். முதல் த்ரெட் வெளியேறும்போது போஸ்ட்ஹேண்டிலும் ஓடாது, ஆஃப்டர்கம்ப்ளீஷனும் ஓடாது. அவற்றுக்குப் பதில் அசிங்க்ஹேண்ட்லர்இன்டர்செப்டரில் உள்ள ஆஃப்டர்கன்கரன்ட்ஹேண்ட்லிங்ஸ்டார்டெட் ஓடும். விடை தயாரானதும் அதே ரிக்வெஸ்ட் மறுபடி டிஸ்பாச் ஆகி, ப்ரீஹேண்டில் இன்னொரு முறை, பெரும்பாலும் வேறொரு த்ரெட்டில், ஓடும்.

ரிக்வெஸ்ட் அதேதான் என்பதால் அட்ரிபியூட்டுகள் பத்திரமாக இருக்கும். ஆனால் ப்ரீஹேண்டிலில் நேனோடைம் எடுத்துத் தொடக்க நேரமாக வைத்திருந்தால், இரண்டாவது ஓட்டம் அதை மேலெழுதிவிடும். மூன்று செகண்ட் எடுத்த அழைப்பு இரண்டு மில்லிசெகண்டில் முடிந்ததாக மெட்ரிக்ஸ் காட்டும். அட்ரிபியூட் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் வைப்பதுதான் தீர்வு. அல்லது டிஸ்பாச்சர்டைப் அசிங்க்கா என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்பிரிங் பூட்டில் பிழைப் பக்கத்துக்கும் இதே கதை. சென்ட்எரர் அழைத்தால் ரிக்வெஸ்ட் /எரர் பாதைக்கு மீண்டும் டிஸ்பாச் ஆகும். இன்டர்செப்டர் எல்லாப் பாதைக்கும் பதிவாகியிருந்தால் அங்கேயும் ஓடி, அங்கேயும் டோக்கன் தவறு என்று ஃபால்ஸ் தந்து, பிழைக்கான ஜேஸானையே எழுத விடாமல் செய்துவிடும். எக்ஸ்க்ளூட்பாத்பேட்டர்ன்ஸில் அந்தப் பாதையைச் சேர்த்துவிடுங்கள். பாதை எழுதும்போது ஒற்றை நட்சத்திரம் ஒரு படியை மட்டும் பிடிக்கும், இரட்டை நட்சத்திரம்தான் உள்ளே எத்தனை படி இருந்தாலும் பிடிக்கும் என்பதும், கான்டெக்ஸ்ட் பாத்தை இங்கே எழுதக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சர்வீஸ் லேயருக்குள்

கன்ட்ரோலர் வரை வந்த டெனன்ட்இன்ஃபோவை சர்வீஸுக்கு மெத்தட் ஆர்குமென்ட்டாகவே கொடுங்கள். பழைய பாணிதான், டைப் அடிக்கக் கொஞ்சம் சலிப்புதான். ஆனால் ஷெட்யூலரோ மெசேஜ் கியூவோ அதே சர்வீஸை அழைக்கும் நாள் வரும். அங்கே ரிக்வெஸ்ட்டே கிடையாது. ஆர்குமென்ட்டாக வாங்கும் சர்வீஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ரிக்வெஸ்ட் ஸ்கோப் பீன் (ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்றாக ஸ்பிரிங்கே உருவாக்கி நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்) இன்னொரு வழி. @ரிக்வெஸ்ட்ஸ்கோப் போட்ட ஒரு பீனை இன்டர்செப்டரிலும் சர்வீஸிலும் இன்ஜெக்ட் செய்தால், உள்ளே போவது ஒரு ப்ராக்ஸி. ஒவ்வொரு அழைப்பிலும் அது நடப்பு ரிக்வெஸ்ட்டுக்குரிய ஆப்ஜெக்ட்டைத் தேடிக் கொடுக்கும். ப்ராக்ஸி அந்தக் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து உருவாவதால் ரெக்கார்டு போன்ற ஃபைனல் கிளாஸ்களுக்கு இது உதவாது. ரிக்வெஸ்ட் த்ரெட்டுக்கு வெளியே தொட்டால் எக்ஸெப்ஷன் வரும். உடனே வெடிப்பது ஒருவகையில் நல்லதே.

த்ரெட்லோக்கல் அப்படி வெடிக்காது, அதுதான் அதில் பயம். டாம்காட் இயல்பாக 200 த்ரெட்டுகள் வரை வைத்துச் சுழற்சியில் பயன்படுத்துகிறது. ஒரு ரிக்வெஸ்ட் துடைக்காமல் விட்டுப்போனது, லாட்ஜ் அறையில் முன்பு தங்கியவர் மாட்டிவிட்டுப்போன சட்டை மாதிரி, அடுத்து அதே த்ரெட்டில் வருபவருக்காகக் காத்திருக்கும். இன்டர்செப்டர் ஓடாத ஒரு பாதைக்கு அடுத்த ரிக்வெஸ்ட் வந்தால், சர்வீஸ் முந்தைய நிறுவனத்தின் ஐடியை எடுத்துக்கொண்டு டேட்டாபேஸுக்குப் போகும்.

ஆஃப்டர்கம்ப்ளீஷனில் ரிமூவ் அழைத்தால் போதாதா? ஃபால்ஸ் தந்த இன்டர்செப்டருக்கு அது ஓடாது, அசிங்க் ஆன ரிக்வெஸ்ட்டின் முதல் த்ரெட்டிலும் ஓடாது என்று மேலே பார்த்தோம். இன்டர்செப்டரில்தான் செய்வேன் என்றால், த்ரெட்லோக்கலில் வைப்பது ப்ரீஹேண்டிலில் ட்ரூ தருவதற்கு முந்தைய கடைசி வரியாக இருக்கட்டும். ஆஃப்டர்கன்கரன்ட்ஹேண்ட்லிங்ஸ்டார்டெட்டிலும் துடையுங்கள். இதைவிட, ஒன்ஸ்பெர்ரிக்வெஸ்ட்ஃபில்டர் ஒன்றை எழுதி, ட்ரை, ஃபைனலி இரண்டுக்கும் நடுவில் செயினை ஓடவிடுவது உறுதியானது. ஃபைனலி எப்படியும் ஓடும். அசிங்க் டிஸ்பாச்சில் அந்த ஃபில்டர் இயல்பாக ஓடாது என்பதால், அங்கேயும் வேண்டுமென்றால் ஷுட்நாட்ஃபில்டர்அசிங்க்டிஸ்பாச் மெத்தடை ஃபால்ஸ் தரும்படி மாற்ற வேண்டும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: டாம்காட் த்ரெட்டுகளின் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் 1 என்று வைத்து அப்ளிகேஷனை ஓட்டுங்கள். முதலில் சரியான டோக்கனோடு ஒரு அழைப்பு, அடுத்து டோக்கன் தேவைப்படாத பாதைக்கு ஒரு அழைப்பு. இரண்டாவதன் லாகில் முதலாமவரின் ஐடி வந்தால் கசிகிறது. 200 த்ரெட்டுகளோடு என்றைக்கோ ஒருநாள் தற்செயலாக வரக்கூடியது, ஒரே த்ரெட்டில் உடனே வந்து நிற்கும்.

ஜாவா 21-இன் விர்ச்சுவல் த்ரெட்டுகளை ஸ்பிரிங் பூட் 3.2 முதல் ஒரு ப்ராப்பர்ட்டியில் இயக்கிவிடலாம். ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு புது த்ரெட் என்பதால் மிச்சம் மீதி அடுத்தவருக்குப் போகாது. அதற்காகத் துடைக்கும் கோட் வரிகளை எடுத்துவிட்டால், நாளைக்கு அந்த ப்ராப்பர்ட்டியை யாராவது அணைக்கும்போது கசிவு திரும்பி வரும்.

லாக் வரி ஒவ்வொன்றிலும் தானாகச் சேர வேண்டிய மதிப்புகளை வைக்கும் எம்டிசியும் அடிப்படையில் த்ரெட்லோக்கல்தான், மேலே சொன்ன அத்தனையும் அதற்கும் பொருந்தும். துடைக்கும்போது கிளியர் அழைத்தால் மற்ற லைப்ரரிகள் வைத்ததும் சேர்ந்து போய்விடும், நாம் வைத்த பெயரை மட்டும் ரிமூவ் செய்ய வேண்டும். ரிக்வெஸ்ட் ஐடியைக் கிளையன்ட் அனுப்பும் ஹெடரிலிருந்து எடுப்பதாக இருந்தால், எழுத்து, எண், சிறுகோடு தவிர வேறெதையும் அனுமதிக்காதீர்கள், நீளத்துக்கும் 64 என்று ஒரு வரம்பு வையுங்கள். புதுவரிக் குறியை நுழைத்துப் பொய்யான லாக் வரி எழுதுவது பழைய தந்திரம். டெனன்ட் ஐடியைப் பொறுத்தவரை ஹெடரை நம்பவே கூடாது. சரிபார்த்த டோக்கனுக்குள் இருப்பதுதான் கணக்கு.

@அசிங்க் மெத்தடுக்குள் போனால் த்ரெட் மாறும், த்ரெட்லோக்கல் கூட வராது. இன்ஹெரிட்டபிள் த்ரெட்லோக்கல் பார்க்க விடை மாதிரி இருக்கும், ஆனால் அது நகலெடுப்பது த்ரெட் பிறக்கும்போது மட்டும். பூலில் உள்ள த்ரெட் எப்போதோ, யாருடைய ரிக்வெஸ்ட்டிலோ பிறந்தது. டாஸ்க்டெகரேட்டர் எழுதுங்கள்: வேலையை ஒப்படைக்கும் த்ரெட்டில் மதிப்பை எடுத்து, ஓடும் த்ரெட்டில் வைத்து, ஃபைனலியில் எடுத்துவிடும். ஸ்பிரிங் பூட் தானே உருவாக்கும் எக்ஸிகியூட்டருக்கு, டாஸ்க்டெகரேட்டரை ஒரு பீனாக வைத்தாலே போதும். ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டையே அசிங்க் மெத்தடுக்குக் கொடுப்பது மட்டும் கூடாது. டாம்காட் அதை மறுசுழற்சி செய்கிறது. நீங்கள் படிக்கும்போது அட்ரிபியூட் காலியாக இருக்கலாம், இன்னொருவருடையதாகவும் இருக்கலாம்.

ஜாவா 25-இல் த்ரெட்லோக்கலுக்கு மாற்றான ஸ்கோப்டுவேல்யூ முழுமை பெற்று வந்திருக்கிறது. வைப்பதும் எடுப்பதும் ஒரே பிளாக்குக்குள் அடங்கிவிடுவதால் துடைக்க மறக்கவே முடியாது. ஆனால் இன்டர்செப்டருக்கு அது பொருந்தாது. ப்ரீஹேண்டில் முடிந்து வெளியே வந்தபிறகுதான் கன்ட்ரோலர் ஓடுகிறது, எந்த பிளாக்கும் இரண்டையும் சுற்றி நிற்பதில்லை. சுற்றி நிற்பது ஃபில்டர்தான்.

இன்டர்செப்டரால் முடியாதவை

ரிக்வெஸ்ட்டை மாற்றி வேறொன்றைக் கொடுக்க இன்டர்செப்டரால் முடியாது. ஹெடர் சேர்ப்பது, பாராமீட்டரைத் திருத்துவது, பாடியைப் படித்துவிட்டு மறுபடி கொடுப்பது எல்லாமே ரிக்வெஸ்ட்டை உறையிட்டு அனுப்பும் வேலைகள், ஃபில்டருக்குரியவை. பாராமீட்டர் மேப்பில் எழுத முயன்றால் டாம்காட் எக்ஸெப்ஷன் வீசும். ப்ரீஹேண்டிலில் இன்புட்ஸ்ட்ரீமைப் படித்துவிட்டால் கன்ட்ரோலரின் @ரிக்வெஸ்ட்பாடிக்கு எதுவும் மிஞ்சாது, பாடி இல்லையென்று 400 போகும். கன்டென்ட்கேச்சிங்ரிக்வெஸ்ட்ராப்பர் போட்டால் சரியாகும் என்று பலர் எழுதுகிறார்கள். சரியாகாது. கன்ட்ரோலர் படிக்கப் படிக்க அது நகல் வைத்துக்கொள்ளும், அவ்வளவே. ஆஃப்டர்கம்ப்ளீஷனில் லாக் எழுத உதவும், ப்ரீஹேண்டிலில் முன்கூட்டிப் படிக்க உதவாது.

எச்டிஎம்எல் பக்கங்கள் தரும் அப்ளிகேஷன் என்றால் போஸ்ட்ஹேண்டிலில் மாடலில் சேர்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே ரீடைரக்ட்டைக் கவனியுங்கள். வியூவின் பெயர் ரீடைரக்ட் என்று தொடங்கும்போது மாடலில் சேர்த்த எளிய மதிப்புகள் யூஆர்எல்லின் கேள்விக்குறிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். பயனரின் ஐடி அட்ரஸ் பாரில் தெரிவது இப்படித்தான். மாடல்அண்ட்வியூ நல் மதிப்பா, ரீடைரக்டா என்று இரண்டையும் பார்த்துவிட்டே சேர்க்க வேண்டும். ரீடைரக்ட்டைத் தாண்டி மதிப்பு போக வேண்டுமென்றால் ஃப்ளாஷ்மேப் இருக்கிறது.

டெஸ்ட் எழுதும்போது

சர்வர் இல்லாமலே கன்ட்ரோலரைச் சோதிக்கும் மாக்எம்விசியை ஸ்டாண்ட்அலோன் முறையில் அமைத்தால் நம் இன்டர்செப்டரும் ரிசால்வரும் தாமாக வராது, இரண்டையும் கையால் சேர்க்க வேண்டும். @வெப்எம்விசிடெஸ்ட் என்றால் வெப்எம்விசிகான்ஃபிகரர் மூலம் வந்துவிடும். கன்ட்ரோலரை மட்டும் தனியாகச் சோதிக்கும்போது ரிக்வெஸ்ட் பில்டரில் உள்ள ரிக்வெஸ்ட்அட்டர் மெத்தடால் டெனன்ட்இன்ஃபோவை நேராக வைத்துவிடலாம், டோக்கன் தயாரிக்கத் தேவையில்லை.

இன்டர்செப்டரைச் சோதிக்க குறைந்தது நான்கு அழைப்புகள் வேண்டும்: நல்ல டோக்கன், கெட்ட டோக்கன், ஆப்ஷன்ஸ் ப்ரீஃப்ளைட், எக்ஸெப்ஷன் வீசும் கன்ட்ரோலர். ஒவ்வொன்றும் முடிந்தபின் த்ரெட்லோக்கலும் எம்டிசியும் காலியா என்று அதே டெஸ்ட் த்ரெட்டில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அசிங்க் அல்லாத அழைப்புகளை மாக்எம்விசி டெஸ்ட் ஓடும் த்ரெட்டிலேயே ஓட்டுகிறது. கான்ஃபிகரேஷன் கிளாஸில் இன்டர்செப்டரை நியூ போட்டு உருவாக்கி, அதற்குள் @ஆட்டோவயர்டு எழுதி வைத்திருந்தால், அந்த ஃபீல்டு நல் மதிப்பாக இருப்பதும் இந்த முதல் அழைப்பிலேயே தெரிந்துவிடும்.